கதிரையும் கூட்டறிக்கையும்: யாழ்ப்பாணப் பணியிடங்களில் தலைமைத்துவம் உருவாகும் விதம்

1. கேள்வி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு பாடசாலையோ வைத்தியசாலையோ கூட்டுறவுச் சங்கமோ நன்றாக இயங்கினால், அதற்குக் காரணமாக ஒரு பெயர் சொல்லப்படும். "அவர் இருந்த காலம்" என்றே அந்தக் காலம் பேச்சில் நிற்கும். அவர் ஓய்வுபெற்ற பின்னரோ மாற்றலாகிப் போன பின்னரோ நிறுவனம் தளர்ந்தால், அந்தத் தளர்ச்சியும் அவருடைய பெருமைக்கே சான்றாகக் கொள்ளப்படும். மலர்களிலும் நினைவுப் பேருரைகளிலும் மணிவிழாக் கட்டுரைகளிலும் இந்தக் கணக்கே திரும்பத் திரும்பப் போடப்படுகிறது.

இக்கட்டுரை அந்தக் கணக்கை மறுபரிசீலனை செய்கிறது. தாம் போனதும் தளர்ந்துவிடும் நிறுவனத்தை விட்டுச்சென்ற ஒருவரை ஆற்றல்மிக்க தலைவர் என்று கொள்ளலாமா? தலைமைத்துவம் ஒருவரோடு பிறந்து அவரோடு போகும் குணம் என்றால், பணியிடத்தில் அதை வளர்ப்பது பற்றிப் பேசுவதில் பொருளில்லை. பழக்கத்தால் வருவது என்றால், அந்தப் பழக்கம் எங்கே கிடைத்தது, இப்போது எங்கே கிடைக்கிறது என்று கேட்க வேண்டும். குடாநாட்டின் அனுபவத்திலேயே இதற்கு ஒரு விடை உண்டு. அது பெருந்தலைவர்களின் வரலாற்றில் இருப்பதைவிட, சங்கக்கடைக்குப் பின்னால் இருந்த கூட்ட அறையிலேயே அதிகமாக இருக்கிறது என்பது என் வாதம்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

தலைமை பற்றிய நவீன ஆய்வுகள் தலைவருக்குரிய குணங்களைத் தேடித்தான் தொடங்கின. 1948இல் ரால்ஃப் ஸ்டொக்டில் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, குணங்களின் பட்டியல் மட்டும் எவரையும் தலைவராக்குவதில்லை, சூழலோடு சேர்த்தே அதைப் பார்க்க வேண்டும் என்று முடிவுசெய்தார். அதற்கு முன்னரே, 1939இல், கேர்ட் லெவினும் லிப்பிற், வைற் ஆகியோரும் சிறுவர் குழுக்களை வைத்து நடத்திய ஆய்வு வெளிவந்திருந்தது. கட்டளையிடும் தலைவரின் கீழ் இருந்த குழு, அவர் அறையை விட்டு வெளியேறியதும் வேலையில் தளர்ந்தது. கலந்துபேசி முடிவெடுத்த குழு, தலைவர் இல்லாதபோதும் வேலையைத் தொடர்ந்தது. தலைவரின் திறமையை அவர் இல்லாத நேரத்தில் அளக்கலாம் என்ற இந்தச் சிறிய கண்டுபிடிப்பு, யாழ்ப்பாணத்துக் கந்தோர் எதற்கும் பொருந்தும்.

வேறு இருவரையும் குறிப்பிட வேண்டும். 1920களில் எழுதிய மேரி பாக்கர் ஃபொலற், பிறர்மீது செலுத்தும் அதிகாரத்தையும் பிறரோடு சேர்ந்து உருவாக்கும் அதிகாரத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். 1990களில் அமெரிக்க வைத்தியசாலை விடுதிகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நல்ல தலைமையுள்ள விடுதிகளில் மருந்துப் பிழைகள் கூடுதலாகப் பதிவாவதைக் கண்டார். அங்கே பிழைகள் அதிகம் நடந்தன என்பது அதற்குப் பொருளன்று. தண்டனைக்கு அஞ்சாமல் அவற்றைச் சொல்ல முடிந்தது. பிழை சொல்லப்படாத கந்தோரில் பிழையே இல்லை என்று நம்பும் மேலதிகாரிகள் எண்ணிப் பார்க்க வேண்டிய முடிவு இது.

நம்முடைய மரபிலும் இந்தச் சிந்தனை புதிதல்ல. திருக்குறளின் பொருட்பால் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்றும் 'தெரிந்துவினையாடல்' என்றும் தனித்தனி அதிகாரங்களை வகுத்திருக்கிறது. கடிந்து சொல்லக்கூடியவர்களை அருகில் வைத்திருப்பதும், வேலையை அதற்கு உரியவனிடம் ஒப்படைப்பதும் ஆள்பவனுக்கு வேண்டிய திறன்கள் என்பதே அங்குள்ள கருத்து. இரண்டும் பழக்கத்தால் வருபவை. ஆனால் மேடைகளில் நாம் குறளை எடுத்தாளும்போது, தலைவனின் தனிப்பண்பைப் போற்றும் பகுதிகளையே பெரும்பாலும் தெரிவுசெய்கிறோம்.

3. அதிபர் மரபு

குடாநாட்டில் தலைமை என்றதும் நினைவுக்கு வரும் முதல் உருவம் பாடசாலை அதிபருடையது. அதற்கு நியாயமும் உண்டு. உடுவில் மகளிர் பாடசாலையை 1840 முதல் 1879 வரை ஏறத்தாழ 40 ஆண்டுகள் எலைசா அக்னியூ நடத்தினார். அருட்தந்தை லோங் சம்பத்திரிசியார் கல்லூரியில் 1936 முதல் 1954 வரையும், க. பூரணம்பிள்ளை பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் 1943 முதல் 1967 வரையும் அதிபர்களாக இருந்தனர். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் முன்னோடியான ஹன்டி பேரின்பநாயகம் 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியை வழிநடத்தினார். இந்தப் பெயர்களை ஊர்கள் இன்றும் நன்றியோடு சொல்கின்றன. அந்த நன்றி தகுந்ததே.

இந்த ஆண்டுக் கணக்குகளைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இவர்கள் ஒரே இடத்தில் பத்து, இருபது, நாற்பது ஆண்டுகள் இருந்தவர்கள். ஆசிரியரைத் தெரிவுசெய்வதிலும் கட்டடத்துக்குப் பணம் திரட்டுவதிலும் மாணவரைச் சேர்ப்பதிலும் பெரிய உரிமை உடையவர்கள். மிஷன்களும் இந்து சபைகளும் பாடசாலைகளை நடத்திய அமைப்பில்தான் அது சாத்தியமானது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் வழியாக உதவிபெறும் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்கு வந்தபோது அந்த அடித்தளம் மாறியது. அதிபர் இடமாற்றத்துக்குட்பட்ட அரச அலுவலரானார். நியமனம் திணைக்களத்தின் கையில், ஒழுக்காற்று நடவடிக்கை ஆணைக்குழுவின் கையில், செலவு சுற்றறிக்கையின்படி.

ஆகவே, இன்றைய அதிபரைப் பூரணம்பிள்ளையோடு ஒப்பிட்டுக் குறைசொல்வது ஆய்வு நோக்கில் பிழை. அவருக்கிருந்த காலமும் அதிகாரமும் இவருக்கு இல்லை. இதனிலும் கடுமையான கேள்வி ஒன்று உண்டு: நீண்ட காலத் தலைமை தன் வாரிசுகளை உருவாக்கியதா? சில இடங்களில் உருவாக்கியது. பிரதி அதிபர்களாக இருந்து பின்னர் தாமே கல்லூரிகளை நடத்தியவர்கள் பலர். ஆனால் அது அதிபரின் மனப்பாங்கைப் பொறுத்து நடந்தது. அதைக் கட்டாயமாக்கும் ஒழுங்கு எதுவும் இருக்கவில்லை. அதிபர் மரபின் வலிமையும் பலவீனமும் இந்த ஓர் இடத்திலேயே இருக்கின்றன.

4. சங்கம் என்ற பயிற்சிக்களம்

அதே காலத்தில், அதே ஊர்களில், வேறொரு விதமான தலைமையும் வளர்ந்துகொண்டிருந்தது. 1911ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் கட்டளைச் சட்டத்தின் பின் குடாநாட்டுக் கிராமங்களில் ஐக்கிய நாணய சங்கங்கள் தோன்றின. 1929இல் யாழ்ப்பாணக் கூட்டுறவு மாகாண வங்கி உருவானது. 1930களில் திருவிதாங்கூர்ச் சந்தைக்குப் புகையிலை அனுப்பிய விவசாயிகள் தமக்கென மலையாளம் புகையிலை விற்பனவுக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். 1936இல் மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலை தொடங்கியது. கடன், சந்தை, மருத்துவம் என்று மூன்று பெரிய தேவைகளை ஊரார் தாமே நிர்வகிக்க முன்வந்த காலம் அது.

இச்சங்கங்கள் எவ்வாறு இயங்கின என்பதே நம் கேள்விக்கு முக்கியமானது. ஆரம்பகாலக் கடன் சங்கங்களில் பெரும்பாலானவை வரையறையற்ற பொறுப்பின் அடிப்படையில் அமைந்தவை. சங்கம் கடனில் மூழ்கினால், அங்கத்தவர் ஒவ்வொருவரின் காணியும் நகையும் அதற்குப் பொறுப்பு. செயலாளர் ஒருவர் தமது மைத்துனருக்கு அளவுக்கு மீறிக் கடன் கொடுத்தால், அதைத் தட்டிக்கேட்பது அயலவருக்கு அறக்கடமை என்பதையும் தாண்டி, தன் வளவைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலையாக இருந்தது. கேள்வி கேட்கும் துணிவு உரைகளால் வந்ததன்று. தன் சொத்து அந்தக் கணக்கில் கட்டுண்டிருந்ததால் வந்தது.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் ஒழுங்கையும் பாருங்கள். சென்ற கூட்டத்தின் அறிக்கை உரத்து வாசிக்கப்படும். திருத்தம் உண்டா என்று கேட்கப்படும். முன்மொழிந்து, வழிமொழிந்து அது ஏற்றுக்கொள்ளப்படும். கணக்காய்வு அறிக்கை படிக்கப்படும். வரும் ஆண்டில் சங்கம் எவ்வளவு கடன்படலாம் என்ற உச்ச எல்லையைக் கூட்டமே தீர்மானிக்கும். பின்னர் நிர்வாக சபை தெரிவு. பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்கும் இரண்டு பரப்புத் தோட்டக்காரருக்கும் ஒரே ஒரு வாக்கு. 1844இல் இங்கிலாந்தின் றொச்டேல் நகரத் தொழிலாளர்கள் வகுத்த கோட்பாடுகளின் வழிவந்த இந்த நடைமுறை, யாழ்ப்பாணத்தின் வேம்படி நிழலிலும் பாடசாலை மண்டபங்களிலும் ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது.

இந்த ஒழுங்கில் ஓர் இளைஞன் எதைக் கற்றான்? முதலில் அறிக்கை எழுதக் கற்றான்: நடந்த சண்டையில் எதை எழுதுவது, எதை விடுவது, தனக்குப் பிடிக்காத தீர்மானத்தையும் எப்படித் திரிக்காமல் பதிவது என்று. ஐந்தொகையை வாசிக்கக் கற்றான். இவற்றிலும் கடினமான ஒன்று உண்டு. கடன் கேட்டு வந்த அயலவரிடம் இல்லை என்று சொல்லிவிட்டு, மறுவாரம் அவர் வீட்டுச் செத்தவீட்டிலோ கலியாணத்திலோ முன்னின்று வேலை செய்வது. மறுப்பைப் பகையாக்காமல் சொல்வதை எந்தப் பயிலரங்கிலும் இரண்டு நாளில் கற்பிக்க முடியாது. முகம் பார்த்து வாழ வேண்டிய ஊரில் அது பல ஆண்டுப் பழக்கம். கடைசியாக, கதிரையை விட்டு எழும்பக் கற்றான். தலைவராக இருந்தவர் அடுத்த ஆண்டு சபையில் சாதாரண அங்கத்தவராக அமர்ந்து, தன் இடத்தில் இருப்பவரின் கணக்கைக் கேட்டுக்கொண்டிருப்பார். தோற்றவராக அன்றி, முறைப்படி பொறுப்பை ஒப்படைத்தவராக.

இரு மரபுகளும் ஒருவரில் சந்தித்ததும் உண்டு. வீ. வீரசிங்கம் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர். 1952 முதல் 1956 வரை வட்டுக்கோட்டையின் பாராளுமன்ற உறுப்பினர். வடக்கின் கூட்டுறவு இயக்கத்தில் முன்னின்றவர். யாழ் நகரில் கூட்டுறவாளர்கள் எழுப்பிய மண்டபம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. கல்லூரியில் அதிபரின் சொல்லே முடிவு. சங்கத்தில் அவருக்கும் ஒரு வாக்குத்தான். இரண்டு இடங்களிலும் ஒருவரால் மதிப்போடு இயங்க முடிந்தது என்பது, தலைமைத் திறன் பிறவிக் குணத்தின் ஒரே வெளிப்பாடாக இருக்க முடியாது, அமைப்புக்கேற்பக் கற்று மாற்றிக்கொள்ளக்கூடியது என்பதற்கு நல்ல சான்று.

இந்தச் சித்திரத்தைப் பொற்காலமாக வரைய நான் விரும்பவில்லை. ஒருவரையொருவர் நம்பிக் காணியைப் பிணைவைக்கும் சங்கம் இயல்பாகவே உறவுக்குள்ளும் சாதிக்குள்ளும் ஒதுங்கியது. காணியற்றவருக்கு அதில் இடம் குறைவு. கதிரைகளில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் ஆசிரியர், ஓய்வூதியர், காணிக்காரர். பெண்கள் அங்கத்தவர் பட்டியலிலேயே அரிது. ஒரு நபருக்கு ஒரு வாக்கு என்ற விதி வாசலுக்கு உள்ளே சமத்துவத்தைத் தந்தது. வாசலுக்குள் யார் வரலாம் என்பதை ஊர் வழக்கமே முடிவுசெய்தது.

1970களில் வேறு விதமான சரிவு தொடங்கியது. நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான சிறு சங்கங்கள் சில நூறு பெரிய பல நோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்றிணைக்கப்பட்டன. நெறியாளர்களில் பெரும்பான்மையினரை அமைச்சரே நியமிக்க வழிசெய்யப்பட்டது. சங்கக்கடை கூப்பன் அரிசியும் சீனியும் பங்கிடும் அரச கருவியாக மாறியது. பங்கீடு ஒழுங்காக நடந்தது. போர்க்காலத்தில், 1990க்குப் பின்னரான பொருளாதாரத் தடையின்போது, நிவாரணத்தை வீடு வீடாகச் சேர்ப்பித்தவையும் இச்சங்கங்களே. அந்தப் பணியைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அங்கத்தவரின் சொத்துக்கும் சங்கத்தின் கணக்குக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்க வேண்டிய தேவையும் அதோடு குறைந்தது. தலைமைப் பயிற்சியை நிறுத்த வேண்டும் என்று எவரும் முடிவெடுக்கவில்லை. அதைத் தந்துகொண்டிருந்த ஏற்பாடுதான் எடுக்கப்பட்டது.

5. சீவல் தொழிலாளரின் கதிரை

ஒரு பகுதியில் அதே 1970கள் எதிர்த்திசையில் நகர்ந்தன. அதுவரை கள்ளுத் தவறணைகளைக் குத்தகைக்காரர் ஏலத்தில் எடுத்து நடத்தினர். பனையில் ஏறி உயிரைப் பணயம் வைத்தவருக்குக் கிடைத்தது அவர்கள் வைத்த விலைதான். 1972இல் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகித் தவறணைகளைத் தம் கையில் எடுத்தன. தீண்டாமைக்கு எதிரான 1966 எழுச்சியும் 1968 மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் நடந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பொதுக் கதிரையில் அமரும் உரிமையே மறுக்கப்பட்டிருந்த மக்கள், தலைவர், செயலாளர், பொருளாளர், முகாமையாளர் என்ற பொறுப்புகளை ஏற்றனர்.

தலைமைத்துவ ஆய்வாளர் எவருக்கும் இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. பரம்பரையாகத் தலைமையேற்ற குடும்பங்கள் இல்லை, உயர்கல்வி இல்லை, அதிபர் மரபு போற்றும் சமூகப் பின்னணி எதுவும் இல்லை. இருந்தும் இச்சங்கங்கள் போரைத் தாண்டி நிலைத்தன. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் என்ற பெயரில் இன்றும் கள்ளுக் கொள்வனவு, போத்தலில் அடைத்தல், வடிசாலை என்று தொழில் நடத்துகின்றன. குணக் கோட்பாட்டால் இதை விளக்க முடியாது. தொழிலாளரின் அன்றாட வருமானம் சங்கக் கணக்கோடு நேரடியாகக் கட்டுண்டிருந்தது, கணக்கைக் கேட்கும் உரிமை அவர்களிடம் இருந்தது, கதிரை சுழன்றது. முந்திய பகுதியில் கண்ட நிபந்தனைகளே இங்கும் வேலை செய்தன.

கரையோரத்தில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் அவற்றின் சமாசங்களும் இதே வழியில் வந்தவை. எல்லை தாண்டும் இழுவைப் படகுப் பிரச்சினையில் இவற்றின் பிரதிநிதிகள் அமைச்சர்களோடும் இந்தியத் தரப்போடும் பேசுகிறார்கள். இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் சட்டத்திருத்தம் 2017இல் பாராளுமன்றத்தில் நிறைவேறியதன் பின்னால் வடக்கு மீனவரின் நீண்டகால வலியுறுத்தல் உண்டு. பேச்சுவார்த்தை என்பது உயர் அலுவலரின் திறன் என்று எண்ணுபவர்கள், சமாசக் கூட்டம் ஒன்றில் ஒரு மாலை அமர்ந்து கேட்டால் போதும்.

6. பல்கலைக்கழகம்: 1988–1994

என் வாதத்துக்கு எதிரான வலுவான எடுத்துக்காட்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். நெருக்கடிக் காலத்தில் நிறுவனத்தைக் காப்பாற்றியது தனிமனிதரே என்று கூறுவோர் பேராசிரியர் அ. துரைராஜாவையே காட்டுவார்கள். வடமராட்சிக் கம்பர்மலையில் பிறந்து ஹாட்லியில் படித்தவர். கேம்பிரிட்ஜில் மண்பொறியியலில் செய்த ஆய்வு உலகத்தரமானது. றொஸ்கோ, ஸ்கொஃபீல்ட் ஆகியோருடன் அவர் 1963இல் எழுதிய கட்டுரையை அத்துறையினர் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். பேராதனையில் பொறியியற் பீடாதிபதியாக இருந்தவர், 1988இல் யாழ்ப்பாணத்துக்குத் துணைவேந்தராக வந்து, 1994இல் மறையும் வரை அப்பொறுப்பில் இருந்தார். இந்திய அமைதிப்படைக் காலம், 1990இல் மீண்ட போர், மின்சாரமில்லாத ஆண்டுகள், கிளாலிக் கடல்வழிப் பயணங்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் விரிவுரைகளும் பரீட்சைகளும் நடந்தன. விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கியதும் அவர் காலத்திலேயே. துணைவேந்தர் சைக்கிளில் வந்து போனதை அக்கால மாணவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

சைக்கிள் மட்டும் நினைவில் நிற்பதில் எனக்கு வருத்தம் உண்டு. எரிபொருளற்ற ஊரில் எல்லோரும் சைக்கிளில்தான் போனார்கள். துணைவேந்தர் தமக்கென வேறு ஏற்பாட்டைத் தேடவில்லை என்பதில் பெரிய மதிப்பு உண்டு, ஆனால் ஒரு பல்கலைக்கழகம் எளிமையால் மட்டும் இயங்காது. 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் பேரவை, மூதவை, பீடச் சபை என்ற அடுக்குகளை வகுத்திருந்தது. பீடாதிபதிகள் மூன்றாண்டுக்கொருமுறை பீடச் சபையால் தெரிவாகினர். துறைத் தலைமை கைமாறியது. க. கைலாசபதி 1974இல் வளாகத்தின் முதற் தலைவராகத் தொடக்கிவைத்து, சு. வித்தியானந்தன் முதற் துணைவேந்தராக வளர்த்த அமைப்பு அது. துரைராஜா அந்தச் சபைகளை ஒதுக்கிவிட்டு ஆளவில்லை, அவற்றைக் கூட்டி நடத்தினார். நெருக்கடியைக் காரணம்காட்டிக் கூட்டங்களைக் கைவிடுவது எளிது. அதைச் செய்யாததே அவருடைய பெருந்திறன் என்று நான் மதிப்பிடுகிறேன்.

அதே வளாகத்தில், அதே காலத்தில், உச்சப் பதவியின்றியே தலைமை ஏற்றவர் ஒருவரும் இருந்தார். உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம. 1987இன் சண்டையில் சிதைந்த பல்கலைக்கழகத்தை மீண்டும் திறக்கச் சகபாடிகளோடு உழைத்தார். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். எல்லாத் தரப்பினரிடமும் கேள்வி கேட்டார். 1989 செப்டெம்பர் 21 அன்று வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கேள்வி கேட்பவரே கொல்லப்படும் ஊரில், பணியிடங்களில் எத்தகைய மௌனம் படியும் என்பதை நம் நிர்வாக ஆய்வுகள் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. கூட்டத்தில் "ஏதும் கேள்வி உண்டா?" என்றதும் எல்லோரும் குனிந்துகொள்வதை இளைய தலைமுறையின் அக்கறையின்மை என்று விளக்குபவர்கள், அந்த மௌனம் எங்கே கற்றுக்கொள்ளப்பட்டது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

7. வெளியேற்றமும் இரண்டாம் வரிசையும்

ஆல்பர்ட் ஹேர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில், தளரும் நிறுவனத்தில் இருப்பவர்முன் இரண்டு வழிகள் உண்டு என்றார்: குரல் கொடுப்பது, அல்லது வெளியேறுவது. வெளியேறுவது எளிதாகும்போது குரல் மெலியும். யாழ்ப்பாணத்துக்கு இது மிகவும் பொருந்துகிறது. மலாயாவுக்கும் கொழும்புக்கும் போவது பழைய வழக்கம். 1983க்குப் பின் கனடாவும் ஐரோப்பாவும் திறந்தன. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே பெயர்ந்தது. போனவர்களில் பெரும்பகுதி இருபது முதல் நாற்பது வயதுக்குட்பட்டவர்கள். செயலாளராக, பகுதித் தலைவராக, பிரதி அதிபராகப் பழக வேண்டிய வயதினர். முதல் வரிசை முதுமையடைந்தபடியே கதிரையில் இருந்ததற்குப் பதவியாசை மட்டும் காரணமன்று. கைமாற்ற ஆள் இருக்கவில்லை.

இங்கு ஒரு முரண் உண்டு. வெளியேறியவர்கள் பழைய மாணவர் சங்கங்களாகவும் ஊர் ஒன்றியங்களாகவும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் கூடி, யாப்பு எழுதி, தலைவரைத் தெரிவுசெய்து, கணக்குக் காட்டி இயங்குகிறார்கள். யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையத்திலும் சங்கத்திலும் பெற்ற பழக்கமே அது. அவர்கள் அனுப்பும் பணம் இங்கு கட்டடமாகிறது. அந்தப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று ஊரில் உள்ளவர்கள் கூடிப் பேசித் தீர்மானிக்கும் இடத்தையும் அது உருவாக்கியிருந்தால் பயன் இரட்டிப்பாகியிருக்கும். பெரும்பாலும் அது நடப்பதில்லை. கொடையாளர் தீர்மானிக்கிறார், அதிபர் ஏற்றுக்கொள்கிறார்.

8. இன்றைய பணிமனை

இன்று குடாநாட்டின் திணைக்களங்களிலும் வங்கிகளிலும் வைத்தியசாலைகளிலும் தலைமைத்துவப் பயிற்சிகளுக்குக் குறைவில்லை. வேலையிடத்தை ஒழுங்குபடுத்தும் ஜப்பானிய ஐந்து எஸ் முறை கொழும்பின் காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிப் பெற்ற வெற்றியின் பின் நாடெங்கும் பரவி, வடக்கின் கோப்பு அலுமாரிகளிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒழுங்கான அலுமாரி நல்லதே. காசல் வீதியில் அந்த முறை வேரூன்றக் காரணம், சிற்றூழியர் வரை எல்லாரும் சிறு குழுக்களில் கூடித் தம் வேலையின் குறைகளைத் தாமே பேசியது. அந்தப் பேச்சை விட்டுவிட்டு ஒட்டுத்தாளை மட்டும் எடுத்துக்கொண்ட இடங்களில் மாற்றம் அலுமாரியோடு நின்றுவிட்டது.

பாடசாலைகளிலும் இதே நிலை. 2006 முதல் பாடசாலை மட்டத்தில் தீர்மானம் எடுக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்து, பாடசாலை அபிவிருத்திக் குழுக்கள் அமைந்தன. சட்டகம் நல்லது. பெற்றோரும் பழைய மாணவரும் ஆசிரியரும் அமரும் அந்தக் குழுவில் வரவுசெலவு முழுமையாக வாசிக்கப்படுகிறதா, யார் வேண்டுமானாலும் அதைப் பற்றிக் கேட்க முடிகிறதா என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும். ஆசிரியர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அதிபர் கதிரைகளில் அந்த விகிதம் இல்லை. கூட்டம் பிற்பகல் நான்கு மணிக்குப் பின் வைக்கப்பட்டால், பிள்ளையை வகுப்புக்கு ஏற்றிச்செல்ல வேண்டிய ஆசிரியை வர முடியாது என்ற எளிய உண்மையிலிருந்தே இந்த இடைவெளியைப் பேசத் தொடங்கலாம். போருக்குப் பின் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களிலும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களிலும் கணக்கும் அறிக்கையும் எழுதிப் பழகிய பெண்கள் கிராமம்தோறும் இருக்கிறார்கள். அவர்களைத் தலைமைக்குத் தகுதியானவர்கள் என்று நிரூபிக்க எந்தச் சான்றிதழும் வேண்டாம். அவர்கள் வைத்திருக்கும் புத்தகங்களே போதும்.

எனவே, பயிற்சிக்காக ஒதுக்கும் பணத்தையும் நேரத்தையும் வேறு இடத்தில் செலவிட வேண்டும் என்பதே என் முடிவு. பணிக்குச் சேர்ந்து இரண்டாம் ஆண்டிலேயே ஓர் எழுதுவினைஞருக்கு மாதாந்தக் கூட்டத்தை நடத்தும் பொறுப்பைக் கொடுக்கலாம். அறிக்கை எழுதும் வேலையைப் பெயருக்கு ஒருவரிடம் நிரந்தரமாகத் தள்ளாமல் சுழற்சியில் விடலாம். பகுதியின் செலவுக் கணக்கை அப்பகுதியினர் முன்னிலையில் வாசிக்கலாம். மேலதிகாரி விடுமுறையில் இருந்த வாரத்தில் என்ன நடந்தது என்பதை அவருடைய மதிப்பீட்டில் சேர்க்கலாம். இவற்றில் எதற்கும் கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வர வேண்டியதில்லை. எதிர்ப்பு வரும், முக்கியமாகக் கேள்விக்குப் பழக்கப்படாதவர்களிடமிருந்து. "சேர் என்ன நினைப்பாரோ" என்ற தயக்கம் கீழிருப்பவரிடமும் நெடுங்காலம் இருக்கும். அதைக் கடக்க முதல் அடியை வைக்க வேண்டியவர் சேர்தான்.

இந்த ஆய்வைத் தொடர விரும்புவோருக்கு மூலங்கள் எங்கே இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். சங்கங்களின் கூட்டறிக்கைப் புத்தகங்கள், பாடசாலைச் சபைகளின் பதிவேடுகள், சனசமூக நிலையங்களின் குறிப்புகள் ஆகியவற்றில் பெரும்பகுதி போரிலும் இடப்பெயர்விலும் அழிந்தது. எஞ்சியவை பழைய செயலாளர்களின் வீட்டு அலுமாரிகளிலும் மூடிய சங்கக்கடைகளின் அறைகளிலும் கறையானுக்கும் மழைக்கும் இரையாகிக்கொண்டிருக்கின்றன. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் இணையவழி ஆவணகம் இத்தகைய ஆவணங்களை மின்னுருவாக்கிப் பாதுகாக்கிறது. உங்கள் தந்தையோ பேரனோ தாயோ ஒரு சங்கத்தின் செயலாளராக இருந்திருந்தால், அவர் கைப்பட எழுதிய அறிக்கைப் புத்தகம் வீட்டில் இருந்தால், அதைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அங்குள்ள தனிப்பட்ட கடன் விபரங்களை மறைக்க வேண்டுமென்றால் மறைத்துக்கொண்டு, எஞ்சியதைப் பதிவுசெய்யக் கொடுங்கள்.